ஈவா ஹாஃப்மனின் புத்தகமும் என் பென்சில் கோடுகளும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்’ என்று தேடினால் 2003இல் வந்த சினிமாதான் முன்னால் வந்து நிற்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் சொல்வது 1989இல் ஈவா ஹாஃப்மன் எழுதிய தன்வரலாறு. புதிய மொழியில் ஒரு வாழ்க்கை என்பது அதன் உபதலைப்பு. படத்தைவிடப் பதினான்கு வருடம் மூத்தது.

என்னிடம் உள்ள பிரதிக்கு முதுகு உடைந்துவிட்டது. நடுவில் சில தாள்கள் கழன்று தனியாக வருகின்றன. வேறு நாட்டுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், இருபத்தேழு வயதில், பழைய புத்தகமாக வாங்கியது. பென்சில் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. ஆய்வக வேலை, எதைப் பார்த்தாலும் குறித்துவைக்கும் பழக்கம். போன மாதம், நாற்பத்தொன்பது வயதில், அதே பிரதியை மறுபடி எடுத்தேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது: அந்தக் கோடுகளில் பாதி தப்பான இடத்தில் இருக்கின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 ஏப்ரல். போலந்தின் க்டீனியா துறைமுகத்தில் ‘பாட்டோரி’ என்ற கப்பலின் மேல்தளத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். கரையில் வாத்தியக்காரர்கள் தேசிய கீதம் வாசிக்கிறார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயது இளைய தங்கை அலீனா. பெற்றோர் யூதர்கள், போரின்போது உக்ரைனில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தவர்கள். போர் முடிந்த 1945இல் இவள் கிராக்கோவ் நகரத்தில் பிறந்தாள். யூதர்கள் நாட்டைவிட்டுப் போகலாம் என்று 1957இல் போலந்து அரசு தடையை நீக்கியதும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். இவர்கள் கனடாவுக்கு வருகிறார்கள். கப்பலில் மான்ட்ரியால், அங்கிருந்து நாட்கணக்காக ரயிலில் வான்கூவர். பிறகு அமெரிக்காவில் ஹூஸ்டனில் கல்லூரிப் படிப்பு, ஹார்வர்டில் முனைவர் பட்டம், நியூயார்க்கில் பத்திரிகை வேலை. புத்தகம் மூன்று பாகம். முதல் பாகத்துக்குச் சொர்க்கம் என்று பெயர், இரண்டாவதற்கு நாடிழத்தல், மூன்றாவதற்குப் புதிய உலகம்.

போருக்குப் பிந்தைய போலந்தைச் சொர்க்கம் என்கிறாரே என்று முதலில் முகம் சுளித்தேன். பாட்டுக் கச்சேரி, பியானோ டீச்சர், மாரெக் என்ற விளையாட்டுத் தோழன் எல்லாம் இருந்தாலும், யூதர்களை வெறுக்கும் குரல்களும் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டுதானே இருந்தன? அது ஹாஃப்மனுக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தைக்கு உலகத்தை எந்தப் பக்கம் எடை போட்டுப் பார்ப்பது என்று தெரியாது. பிறந்த இடம் பிறந்த இடம்தான். அந்தப் பாகத்தை அவசரப்படாமல் படியுங்கள். அங்கே எதெல்லாம் இருந்தது என்று தெரிந்தால்தான் இரண்டாம் பாகத்தில் எதெல்லாம் காணாமல் போகிறது என்று தெரியும்.

என் பழைய கோடுகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பாகத்தில்தான் இருக்கின்றன. அதிலும் பள்ளிக்கூடக் காட்சியில் பக்கம் முழுக்கக் கிறுக்கியிருக்கிறேன். அக்காவையும் தங்கையையும் வான்கூவரில் முதல் நாள் பள்ளியில் சேர்க்கிறார்கள். இவர்களுக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் பெரியவரும் டீச்சரும் நின்ற இடத்திலேயே பெயரை மாற்றிவிடுகிறார்கள். ‘எவா’வை ‘ஈவா’ ஆக்குவது சுலபம், முதல் எழுத்தை மாற்றினால் போதும். ‘அலீனா’தான் கொஞ்சம் இடிக்கிறது. ஒரு நொடி யோசித்து, ‘எலைன்’ கிட்டத்தட்ட அதுதானே என்று முடிவு செய்கிறார்கள். குடும்பப் பெயரையும் தப்பாக உச்சரித்து வகுப்புக்கு அறிமுகம் செய்கிறார் டீச்சர். பிள்ளைகள் இரண்டும் போய்ப் பின்வரிசையில் உட்காருகின்றன. அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, எல்லோரும் நல்லவர்கள்.

என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் என் அடையாள அட்டையை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். அன்பான மனுஷி, இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. “பரவாயில்லை, அப்படியே கூப்பிடுங்கள்” என்று சொன்னது நான்தான். அந்த வாரக் கடைசியில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் ‘நான்! நான்!’ என்று எழுதியிருக்கிறேன், இரண்டு ஆச்சரியக்குறியோடு. ஏன் இரண்டு என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

அடுத்த கோடு ஆற்றைப் பற்றியது. போலிஷில் ஆறு என்ற சொல்லுக்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்கிறார் ஹாஃப்மன். அவர் முழுகி எழுந்த ஆறுகள் எல்லாம் அந்தச் சொல்லில் இருந்தன. ஆங்கிலச் சொல்லில் பொருள் இருக்கிறது, ஈரம் இல்லை. பொருளும் சொல்லும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. இதை நான் ஏட்டுத் தத்துவமாகத்தான் படித்திருப்பேன், ஆய்வகத்தில் நடந்த ஒன்று இல்லாவிட்டால். நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை எண்ணும்போது வாய்க்குள் தமிழில்தான் எண்ணுவேன். நாலு, அஞ்சு, ஆறு. ஆறு வரும்போதெல்லாம் எண்ணும் வரும், ஓடும் ஆறும் கூடவே வரும், சுடச்சுட எதையாவது ஆறவைத்த ஞாபகமும் எங்கிருந்தோ வரும். அந்த ஊர் மொழியில் எண்ணினால் ஆறுக்குப் பிறகு ஏழு வரும், வேறொன்றும் வராது. வேலை சுத்தமாக நடக்கும். சில வருடம் கழித்து ஒரு நாள் கவனித்தேன், நான் தமிழில் எண்ணுவது நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

இரவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தூக்கம் வருவதற்கு முன் மனசுக்குள் தானாகப் பேச்சு ஓடுமே, அது ஓடவில்லை என்கிறார். போலிஷ் வாடிப்போயிற்று, ஆங்கிலம் இன்னும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கவில்லை. படுத்துக்கொண்டு காத்திருக்கிறாள், ஒன்றும் வருவதில்லை. ஒரு தோழி பூட்டும் சாவியும் உள்ள நாட்குறிப்பு ஒன்றைப் பரிசளிக்கிறாள். எந்த மொழியில் எழுதுவது என்பது பெரிய சிக்கலாகிவிடுகிறது. கடைசியில் ஆங்கிலத்தில் எழுதுகிறாள், ஆனால் ‘நான்’ என்று எழுதக் கை வருவதில்லை. ‘நீ’ என்றே எழுதுகிறாள். தன் நாட்குறிப்பில் தன்னையே முன்னிலையில் நிறுத்துகிற அந்த இடம்தான் என்னைக் கேட்டால் முழுப் புத்தகத்திலும் சிறந்த இடம். இதற்கு நான் கோடு போடவில்லை. ஏன் விட்டேன் என்று யோசித்தால், அப்போது நானே கடிதங்களில் ‘இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று ‘நான்’ இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னது இருபத்தேழு வயது வாசகி. அவளுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், எவா. அம்மா என்று ஒருத்தி அங்கங்கே வந்து போனாள்.

இந்தத் தடவை படித்தபோது அம்மாவை விட்டு என் கண் நகரவில்லை.

ஒரு கட்டத்தில் அந்த அம்மா மகளிடம் நீ ஆங்கிலக்காரியாகிக்கொண்டிருக்கிறாய் என்கிறாள். அந்த அம்மாவின் அகராதியில் அதற்கு அர்த்தம், உன்னிடம் சூடு குறைந்துவிட்டது என்பது. மகளுக்கு வலிக்கிறது. மனசு ஒன்றும் குளிர்ந்துவிடவில்லை, வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்கிறாள். எப்படிப் பழகினாள் என்பதற்கு அவள் சொல்லும் உதாரணங்களைப் படித்துச் சிரித்துவிட்டேன், பிறகுதான் உறைத்தது. தவளையின் செரிமான மண்டலத்தை வகுப்பில் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி விளக்கியிருக்கிறாள். கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டு பேசிப் பார் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் தோழியின் கையைப் பிடித்து உலுக்கினால் அவள் ஏதோ தாக்க வந்ததுபோல முகம் மாறுகிறாள். பேசும்போது எதிரே இருப்பவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள், இவள் ரொம்பக் கிட்டே நிற்கிறாளாம்.

நான் வந்து இரண்டு வருடம் ஆனபோது என் அம்மா தொலைபேசியில், “ஏண்டி, ஆபீஸ்ல பேசற மாதிரியே என்கிட்டயும் பேசறே?” என்று கேட்டார். அன்றைக்குச் சண்டை போட்டேன். இப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. ஊருக்கு நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அவள் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, கையால் சத்தத்தைக் குறைக்கும்படி சைகை காட்டுவாள். தமிழ் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறதாம். சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் பயந்துகொள்வார்களாம். தவளைக் கதையின் டீச்சர் யார், கைமேல் உட்கார்ந்த பிள்ளை யார் என்று எனக்கே குழம்பிவிட்டது.

போலந்தில் என்றால் உங்களை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று எவாவின் அம்மா ஏக்கத்தோடு சொல்லும் இடம் ஒன்று வருகிறது. சின்னவள் இரவு நேரம் கழித்து வீட்டுக்கு வரும்போது எவ்வளவு கண்டிக்கலாம் என்று அவளுக்குப் பிடிபடுவதில்லை. இந்த ஊரில் எது அதிகம், எது போதாது என்று அளந்து சொல்ல யாரும் இல்லை. முதல் வாசிப்பில் இந்தப் பக்கத்தை ஒரு மூச்சில் தாண்டியிருக்கிறேன், ஒரு புள்ளிகூட இல்லை. போன மாதம் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். முந்தின நாள்தான் மகள் ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதரை என்பது இங்கே தாமதமா, இல்லையா? என் அம்மா என்றால் வாசலிலேயே கேட்டிருப்பார். நான் “வந்துட்டியா” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பாகம் இழுக்கிறது. நியூயார்க் நண்பர்கள், அவர்களின் மனநல ஆலோசனைகள், தன்னைத் தானே அலசும் அமெரிக்கப் பேச்சு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கூர்மையாகத்தான் எழுதுகிறார், ஆனால் வான்கூவர்ப் பக்கங்களில் இருந்த தோல் உரிந்த தன்மை இங்கே இல்லை. பேராசிரியை பேச ஆரம்பித்துவிடுகிறார். விதிவிலக்காக ஒரு இடம் உண்டு: அவருக்குள் இரண்டு மொழியிலும் கேள்வி எழும். இவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஆங்கிலம் கேட்டால் பதில் சரி என்று வரும், போலிஷ் கேட்டால் வேண்டாம் என்று வரும். பியானோக் கலைஞர் ஆகலாமா என்ற கேள்விக்கு அப்படியே தலைகீழ். இந்த மாதிரி இடம் இன்னும் நாலு இருந்திருந்தால் மூன்றாம் பாகத்தை மன்னித்திருப்பேன்.

ஆங்கிலமும் லேசானதல்ல. வாக்கியங்கள் நீளம், சொற்கள் கனம். பிற்பாடு கற்றுக்கொண்ட மொழியில் ஒருவர் தன் முழு பலத்தையும் காட்டுகிறார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பஸ்ஸில் படிக்க உகந்ததல்ல, நான் பஸ்ஸில் படித்துத்தான் முதல் தடவை பாதி புரியாமல் போனது.

மேரி ஆன்டின் பற்றி வரும் பக்கங்களைத் தவறவிடாதீர்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து 1894இல் பாஸ்டனுக்கு வந்த யூதச் சிறுமி அவர். 1912இல் வெளியான அவருடைய தன்வரலாறு, அமெரிக்காவுக்கு வந்தேன், படித்தேன், உயர்ந்தேன் என்ற வெற்றிக் கதை. ஹாஃப்மன் அவரைத் தன் மூதாய் மாதிரி பார்க்கிறார். ஆனால் அந்த வெற்றிக் கதையின் ஓரங்களில் ஆன்டின் விட்டுச் சென்ற வலிகளையும் பொறுக்கி எடுக்கிறார். ஆன்டின் காலத்தில் அப்படிச் சொல்லத்தான் முடியும், எனக்கு என் காலம் வேறு கதையைக் கொடுத்திருக்கிறது என்கிறார். குடிபெயர்ந்தவள் ஒருத்தி எழுதிய தன்வரலாற்றை இன்னொரு குடிபெயர்ந்தவள் எப்படிப் படிக்கிறாள் என்பது புத்தகத்துக்குள்ளேயே நடக்கிறது. அவர் என்னைப் போல ஓரத்தில் ஆச்சரியக்குறி போடுகிறவர் இல்லை என்பது நிச்சயம்.

பிறந்த ஊரைவிட்டு எங்கேயும் போகாத தோழி ஒருத்திக்கு இதைப் பரிந்துரைத்தேன். அவளுக்குப் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். நாலு நாளில் முடித்துவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டது நான் எதிர்பார்க்காத இடம்: இளவட்டங்களோடு காரில் போகும்போது எவா ஒரு ஜோக் சொல்ல முயன்று, பாதியிலேயே அது செத்துப்போய், யாரும் சிரிக்காமல் கார் போய்க்கொண்டிருக்கும் காட்சி. புது அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருடம் அவளுடைய பேச்சுவழக்கைக் கேட்டுச் சிரித்தவர்கள், அவள் ஜோக் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லையாம். இதைச் சொல்ல அவள் விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. அவளிடம் நான் கோபப்பட்டேன், “இது நாடு விட்டு நாடு போன கதை, உன் ஆபீஸ் கதை இல்லை” என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் ‘நான்! நான்!’ ஞாபகம் வந்தது.

அதனால்தான் அலீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எவாவின் அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். சின்ன வயதிலேயே அவளை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். செத்துப்போன அந்தத் தங்கையின் பெயர் அலீனா. இரண்டாவது மகள் பிறந்தபோது அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். இது முதல் பாகத்திலேயே வருகிறது, நானும் படித்திருக்கிறேன், ஓரத்தில் ‘பாவம்’ என்றுகூட எழுதியிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடக் காட்சிக்கு வந்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ‘அலீனா’வுக்கு ‘எலைன்’ போதும் என்று அந்த இரண்டு பெரியவர்களும் ஒரு நொடியில் முடிவு செய்தபோது வகுப்பு வாசலில் எந்தப் பெயர் கழன்று விழுந்தது என்று எனக்கு உறைக்க இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அந்தப் பக்கம் முழுக்க நான் என் ழகரத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ரப்பரை எடுத்து ‘நான்! நான்!’ என்பதை அழிக்கப் பார்த்தேன். பழைய தாள், பாதி எழுத்து போனது, பாதி கறையாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

நாடு விட்டு வந்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தை நான் முதல் வருடத்தில் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது படித்தால் கண்ணாடி பார்ப்பதுபோல நம்மை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். ஒருவேளை அப்போது அதுதான் தேவையோ என்னவோ. இரண்டு தடவை படிக்கிற உத்தேசம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பழைய பிரதி கிடைத்தால் தையலைப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது போலச் சில பிரதிகளில் எழுத்து பொடியாக இருக்கிறது. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இரண்டாம் பாகம் மட்டுமே போதும் என்பேன். பியானோ பற்றிய பக்கங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குச் சங்கீதம் தெரியாது.

போன வாரம் புத்தகத்தை மேஜைமேல் காணவில்லை. மகள் எடுத்துப் போயிருக்கிறாள். திரும்பக் கிடைத்தபோது பள்ளிக்கூடக் காட்சியில் ரோஸ் நிறத்தில் ஒரு ஒட்டுச்சீட்டு இருந்தது. கோடு, ஆச்சரியக்குறி எதுவும் இல்லை. ராத்திரி வந்து கேட்டாள்.

“அம்மா, அந்தத் தங்கச்சியை வீட்ல எப்படிக் கூப்பிட்டாங்க?”

“அலீனான்னுதான். புக்ல அப்புறமும் அலீனான்னுதான் வருது.”

கொஞ்சம் நின்றாள். “உங்க பேர்ல ழ இருக்கு. எனக்கு மட்டும் ஏன் எல்லாருக்கும் ஈசியா வர்ற பேரா வெச்சீங்க?”

முழுசாகப் படித்து முடி, சொல்கிறேன் என்றேன். நூற்றிருபதாவது பக்கத்தில் இருக்கிறாள்.